எல்க் பண்ணையில் சி.டபிள்யூ.டி.: மந்தையை முழுதாகக் கொன்றுவிடுவதா, பூட்டிவைத்துப் பார்ப்பதா?

வேலியோரம் (பிப்ரவரி 11, இரவு 9:52)

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஓர் எல்க் பண்ணையில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். முதலாளிக்கு எழுபத்தொரு வயது. பிள்ளைகள் கல்கரியில் இருக்கிறார்கள், யாருக்கும் பண்ணையில் ஆசை இல்லை. அவரும் நானும் இன்னொரு பையனும்தான் எல்லா வேலையும். எல்க் தெரியாதவர்களுக்கு: நம்ம ஊர்க் கடமானைவிடப் பெரிய மான். காளை (நாங்கள் காளை, பசு, கன்று என்றே சொல்லிப் பழகிவிட்டோம்) 400 கிலோ வரை போகும். வருடா வருடம் முளைக்கும் இளங்கொம்பை அறுத்து வெல்வெட்டாக விற்கிறோம், இறைச்சிக்கு விற்கிறோம், பெரிய கொம்புக் காளைகளை வேட்டைப் பண்ணைகளுக்குக் கொடுக்கிறோம். அதுதான் வருமானம்.

போன வியாழன் ஒரு போன். இரண்டு வருடம் முன்பு நாங்கள் ஒரு பொலிகாளை வாங்கிய பண்ணையில் பசு ஒன்று செத்திருக்கிறது. தலையைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் சி.டபிள்யூ.டி. (மான் இனங்களை மெலிய வைத்துக் கொல்லும் மூளை நோய், Chronic Wasting Disease) பாசிட்டிவ். அங்கிருந்து வெளியே போன உருப்படிகள் ஒவ்வொன்றையும் அதிகாரிகள் தேடிக்கொண்டு வருகிறார்கள். எங்களுக்கும் தனிமைப்படுத்தல் உத்தரவு வந்துவிட்டது. உயிரோடு எதுவும் வெளியே போகக் கூடாது, உள்ளே வரவும் கூடாது.

காளை நன்றாகத்தான் இருக்கிறது. தின்கிறது, முட்டுகிறது, போன வாரம்கூடத் தீவனத் தொட்டியைக் கவிழ்த்தது. முதலாளி இரண்டு ராத்திரியாகத் தூங்கவில்லை. "எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்களா?" என்று என்னிடம் கேட்கிறார். எனக்கு என்ன தெரியும்? இங்கே கால்நடை மருத்துவர்கள் இருப்பதாகத் தெரிந்தது, அதனால் கேட்கிறேன்.

இறைச்சிக்கடை (பிப்ரவரி 11, இரவு 10:15)

அந்த ஜோம்பி மான் நோய்தானே இது? யூடியூபில் பார்த்தேன்.

மட்டுறுத்துநர் (பிப்ரவரி 11, இரவு 10:31)

அந்தப் பெயர் இந்த இழையில் வேண்டாமே. ஒருவர் பிழைப்பு போகும் கவலையில் கேட்கிறார்.

பனிப்புயல் (பிப்ரவரி 12, காலை 6:20)

தம்பி, நான் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவன். இங்கே வந்து பதினாறு வருடமாக மாடு, குதிரை, எல்க் எல்லாம் பார்க்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

"காளை நன்றாக இருக்கிறது" என்பதை முதலில் மனசிலிருந்து எடுத்துவிடு. தொற்று ஏறியதிலிருந்து அறிகுறி தெரிய ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும், சிலவற்றுக்கு அதற்கு மேலும். அந்தக் காலம் பூராவும் விலங்கு தின்னும், பொலியும், சண்டை போடும். எச்சில், மூத்திரம், புழுக்கை எல்லாவற்றிலும் நோயையும் விட்டுக்கொண்டிருக்கும். மெலிவது, காது தொங்குவது, எச்சில் ஒழுகுவது, தண்ணீர்த் தொட்டியை விட்டு நகராமல் நிற்பது எல்லாம் கடைசி அத்தியாயம். எல்க்கில் அதுவும் சரியாகத் தெரியாது. நிமோனியாவில் செத்தது என்று எழுதிவிட்டுப் போவோம், தலையை அறுத்துப் பார்த்தால் உள்ளே இது இருக்கும்.

இது வைரஸ் இல்லை, பாக்டீரியா இல்லை. பிரையான். உடம்பில் இயல்பாகவே இருக்கும் ஒரு புரதம் தப்பாக மடிந்து, பக்கத்தில் இருப்பதையும் தன்னைப் போலவே மடிய வைக்கிறது. ஆட்டில் ஸ்கிரேபி, மாட்டில் பைத்திய மாட்டு நோய், எல்லாம் ஒரே குடும்பம். மருந்து கிடையாது. காய்ச்சல்கூட வராது, ஏனென்றால் உடம்பு அதை எதிரியாகவே பார்ப்பதில்லை.

இப்போது உன் கேள்வி. எடுத்த எடுப்பில் மந்தை முழுவதையும் கொல்ல மாட்டார்கள். முதலில் அந்தக் காளை. அதைக் கொன்று, மூளைத்தண்டில் ஒபெக்ஸ் என்ற சின்ன இடத்தையும், தொண்டைக்குப் பின்னால் இருக்கும் நிணநீர் முடிச்சையும் பார்ப்பார்கள். உயிரோடு வைத்து மலக்குடல் ஓரத்தில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கவும் வழி உண்டு. ஆனால் தொற்று ஆரம்பத்தில் இருந்தால் அது பிடிக்காது. இந்த ஒரு காளைக்கு நான் தலையைத்தான் நம்புவேன்.

அதற்கு முன்னால் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நாளைக்கே எண்ணு. பதிவேட்டில் எத்தனை இருக்கிறது, பட்டியில் எத்தனை நிற்கிறது. காதுவில்லை எண்ணைப் படித்து எண்ணு, தலையை மட்டும் எண்ணாதே.

நடுநிலையான் (பிப்ரவரி 12, பகல் 1:05)

கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், மன்னிக்கவும். இந்த நோயை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனதே பண்ணைத் தொழில்தான். சஸ்காச்சுவானில் 1996இல் முதல் பண்ணை எல்க் கண்டுபிடிக்கப்பட்டது. எங்கிருந்து வந்தது? தெற்கு டகோட்டாவிலிருந்து வாங்கிய எல்க்கிலிருந்து. அங்கிருந்து பண்ணைக்குப் பண்ணை. பிறகு கனடாவிலிருந்து எல்க் வாங்கிய தென் கொரியாவில் 2001இல் தலைகாட்டியது. ஒரு மான் கடல் தாண்டி நடந்தா போயிருக்கும்? ஆயிரக்கணக்கான எல்க்கைக் கொன்று பொதுப் பணத்தில் இழப்பீடும் கொடுத்தார்கள். மான் காட்டு விலங்கு. அதை மாடு மாதிரி பட்டியில் அடைத்தால் இப்படித்தான் ஆகும்.

பனிப்புயல் (பிப்ரவரி 12, இரவு 8:44)

நடுநிலையான், 1996, 2001 இரண்டும் நீங்கள் சொன்னபடிதான், மறுக்கவில்லை. வாங்கி விற்பதுதான் இந்த நோய்க்குக் கால். ஆனால் வேலிக்கு இரண்டு பக்கம் உண்டு. இன்றைக்கு சஸ்காச்சுவானிலும் ஆல்பர்ட்டாவிலும் காட்டு மியூல் மானில் நோய் வேரூன்றிவிட்டது. வெளி விலங்கே வாங்காத பண்ணைக்குக்கூட வேலி வழியாக மூக்கோடு மூக்கு உரசி உள்ளே வரலாம். பண்ணையை மூடினால் காட்டில் இருப்பது போய்விடாது.

அப்புறம் இது முதலில் தெரிய வந்ததும் வியாபாரப் பண்ணையில் இல்லை. 1967, கொலராடோ, ஃபோர்ட் காலின்ஸ். மாநில வனவிலங்கு ஆராய்ச்சி நிலையத்தில் வளர்த்த மியூல் மான்கள் மெலிந்து மெலிந்து செத்தன. தீவனக் குறைபாடு, அடைத்து வைத்த ஏக்கம் என்று பத்து வருடத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1978இல் பெத் வில்லியம்ஸ் என்ற கால்நடை நோயியலாளர் மூளைத் துண்டத்தை நுண்ணோக்கியில் பார்த்து, ஸ்கிரேபியில் வரும் அதே ஓட்டைகள் என்று சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது.

ஆய்வுமேசை (பிப்ரவரி 12, இரவு 11:38)

பிரையான் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்கிறேன். பண்ணை அனுபவம் சுத்தமாக இல்லை, அதனால் எனக்குத் தெரிந்த மண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஃபோர்ட் காலின்ஸ் கதையின் இரண்டாம் பாதிதான் இந்த இழைக்கு முக்கியம். நோயை ஒழிக்க வேண்டும் என்று அங்கிருந்த மான், எல்க் அத்தனையையும் கொன்றார்கள். மேல்மண்ணைப் புரட்டினார்கள். கட்டடம், வேலி, நிலம் எல்லாவற்றிலும் குளோரின் கலவையைத் திரும்பத் திரும்பத் தெளித்தார்கள். ஒரு வருடம் சும்மா போட்டார்கள். பிறகு நோயில்லாத இடத்திலிருந்து பன்னிரண்டு எல்க் கன்றுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஐந்து வருடத்துக்குள் இரண்டுக்கு சி.டபிள்யூ.டி. வந்தது.

இன்னொன்று, 2004இல் வெளியான சோதனை. நோய்கண்ட மான்கள் இருந்துவிட்டுப் போன பட்டியில், இரண்டு வருடத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்த பிறகு, நல்ல மானை விட்டார்கள். தொற்றியது. நோயில் செத்த உடல் மக்கிக் கிடந்த பட்டியிலும் அப்படியே. நேருக்கு நேர் எந்த நோயாளி விலங்கையும் அவை பார்க்கவே இல்லை.

காரணம், பிரையான் களிமண் துகளோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்ட பிறகு தொற்றும் வலு குறைவதற்குப் பதிலாகக் கூடுவதையும் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். மான் மண் தின்னும் விலங்கு, உப்புக்காகத் தரையை நக்கும். வெயில், பனி, ஃபார்மலின், சாதாரணச் சமையல் சூடு எதற்கும் பிரையான் அசையாது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. வீட்டில் துணிக்குப் போடும் பிளீச்சை 40 சதவீதமாகக் கலந்து ஐந்து நிமிடம் ஊறவிட்டால் கத்தி, எஃகு மேசை மாதிரியான பரப்புகளில் செயலிழக்கிறது. ஆனால் சதைத் துணுக்கு ஒட்டியிருந்தால் உள்ளே போகாது. முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும். நிலத்துக்கு இது ஆகாது.

வேலியோரம் (பிப்ரவரி 13, இரவு 7:10)

பனிப்புயல் ஐயா, எண்ணினோம். கூண்டில் ஒவ்வொன்றாக நிறுத்தி, மைனஸ் இருபத்தெட்டில், இரண்டு பேர். பதிவேட்டில் 143. நின்றது 141.

இரண்டும் பசு. ஒன்று நான்கு வயது, ஒன்று பதினொன்று. முதலாளி, "அக்டோபரில் இருந்தன" என்கிறார். எனக்கு நினைவில்லை. வேலியில் ஓட்டை எதுவும் இல்லை. ஆனால் பின் பட்டி முழுக்க வில்லோ புதர், இடுப்பளவு பனி.

பனிப்புயல் (பிப்ரவரி 13, இரவு 9:02)

இதைத்தான் பயந்தேன்.

உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் புரிந்துகொள். இந்த நோயைக் கையாள்வதில் பாதி மருத்துவம் இல்லை, கணக்கு. ஆல்பர்ட்டாவிலும் இங்கேயும் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்ட உருப்படி எது செத்தாலும் தலை பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவில் 2012இலிருந்து மத்திய அரசின் மந்தைச் சான்றிதழ்த் திட்டம் இருக்கிறது. பண்ணை விரும்பினால் சேரலாம். ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் விற்க வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும். ஐந்து வருடம் தொடர்ந்து செத்த ஒவ்வொன்றையும் பரிசோதித்து, ஒவ்வொரு விலங்குக்கும் இரண்டு அடையாளம் போட்டு, ஆட்கள் வந்து நேரில் எண்ணிச் சரிபார்த்தால்தான் அது கிடைக்கும். கனடாவிலும் அதே ஐந்து வருடக் கணக்கு.

இதில் ஏமாற்றுவது சுலபம், மறந்துபோவது அதைவிடச் சுலபம். ஓநாய் தின்றுவிட்டது, பனியில் காணோம், வெயிலில் அழுகிவிட்டது என்று சொல்லாத பண்ணையே கிடையாது. காணாமல் போவது எப்போதும் நல்ல விலங்காக இருக்காது தம்பி. நோஞ்சான்தான் தனியாகப் போய்ப் புதரில் படுக்கும். நீ பரிசோதித்த இருபது தலையில் இல்லாத நோய், பரிசோதிக்காத இரண்டில் இருக்கலாம்.

பனி உருகியதும் பின் பட்டியை அங்குலம் அங்குலமாகத் தேடு. அழுகியிருந்தாலும் தலையை அனுப்பு. அந்தப் புரதம் லேசில் அழுகாது. மூளை கூழாகி, எது ஒபெக்ஸ் என்று தெரியாமல் போவதுதான் சிக்கல். ஏதோ ஒரு பதில் கிடைக்கும்.

கறுப்புக்கோப்பி (பிப்ரவரி 14, காலை 4:15)

நோர்வேயிலிருந்து எழுதுகிறன். இஞ்ச பண்ணை இல்லை அண்ணை, காட்டு ரெயின்டீரில் வந்தது. 2016இல நூர்ட்ஃபியெல்லா மலைப்பக்கம் ஒரு பசு ரெயின்டீர் விழுந்து செத்துது. ஆராய்ச்சிக்கெண்டு ரெயின்டீருக்குக் கழுத்துப் பட்டி மாட்டிற ஆக்கள் தற்செயலாகப் பார்த்து மாதிரி எடுத்திருக்கினம். ஐரோப்பாவிலேயே முதல் கேஸ். அரசாங்கம் என்ன செய்தது தெரியுமோ? அந்தப் பகுதியில இருந்த மந்தை முழுசையும், ரெண்டாயிரத்துக்கு மேல, 2018 வசந்தத்துக்குள்ள சுட்டு முடிச்சிட்டினம். மொத்தம் 19இல தான் நோய் இருந்தது. கனபேர் அழுதவை. நிலத்தைக் குறைஞ்சது அஞ்சு வருசம் சும்மா விட வேணும் எண்டு முடிவு.

பிறகு 2020இல ஹார்டங்கர்விடாவில திரும்ப வந்துட்டுது.

அமெரிக்கா, கனடாவில நோய் இருக்கிற இடங்களிலிருந்து வாற காய்ஞ்ச புல்லுக்கும் 2018இல கட்டுப்பாடு போட்டவை. புல்லில கூட ஒட்டி வருமாம். உங்கட பண்ணைக்குப் புல்லு எங்கயிருந்து வருது எண்டு ஒருக்காப் பாருங்கோ தம்பி.

நடுநிலையான் (பிப்ரவரி 14, காலை 10:20)

2000க்கு 19. இதுதான் நான் கேட்க நினைத்தது. நூற்றில் ஒன்றுக்காக மிச்சம் தொண்ணூற்றொன்பதையும் கொல்வது நியாயமா? பூட்டி வைத்து, செத்ததை மட்டும் பரிசோதித்துக்கொண்டு போகலாமே?

ஆய்வுமேசை (பிப்ரவரி 14, பகல் 12:47)

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

விஸ்கான்சினில் ஆல்மண்ட் என்ற ஊரில் ஒரு வெள்ளைவால் மான் பண்ணை. 2002இல் முதல் பாசிட்டிவ். சட்ட இழுபறியில் மந்தையைக் கொல்ல 2006 ஜனவரி ஆகிவிட்டது. கடைசியாக நின்ற 76 மானில் 60க்கு நோய். பிறகு மாநில அரசே அந்த நிலத்தை விலைக்கு வாங்கி, வெளிமான் உள்ளே போகாமல் வேலியைக் காத்து வருகிறது.

அயோவாவில் இன்னொன்று. 2012இல் தெரிந்தது, 2014இல் மந்தையை அகற்றினார்கள். 356 மானில் 284. ஏறத்தாழ எண்பது சதவீதம். இழப்பீடாகப் போனது 9,17,100 டாலர். அதே உரிமையாளரின் வேட்டைப் பண்ணை நிலத்தை ஐந்து வருடம் மூடிவைக்கச் சொன்னது அரசு. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. விலங்கைத் தனிமைப்படுத்தத்தான் துறைக்கு அதிகாரம், நிலத்தைத் தனிமைப்படுத்த இல்லை என்று 2017இல் தீர்ப்பு வந்தது. பிரையான் மண்ணில் இருக்கிறது, சட்டம் மானோடு நின்றுவிட்டது.

மறுபக்கம், கியூபெக்கில் 2018இல் ஒரு செம்மான் பண்ணை. 2,700க்கு மேல் அகற்றினார்கள், 11இல்தான் இருந்தது. நடுநிலையான் இதை வீண் என்பார். எனக்கு இது சரியான நேரத்தில் பிடித்ததாகப் படுகிறது. பட்டியில் அடைத்த மந்தையில் இது நூற்றில் ஒன்றாகவே நிற்காது, ஏறிக்கொண்டே போகும்.

பனிப்புயல் (பிப்ரவரி 14, இரவு 10:05)

ஆய்வுமேசை சொன்ன கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பண்ணைக்காரன் பக்கமும் இருந்து பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மத்திய அரசு கொடுப்பது மதிப்பிட்ட விலையில் 95 சதவீதம், ஒரு விலங்குக்கு உச்சவரம்பு 3,000 டாலர். நல்ல கொம்புக் காளைக்கு அது எந்த மூலைக்கு? பணம் வந்தாலும் அந்த நிலத்தில் திரும்ப எல்க் விட முடியாது. முப்பது வருடமாகப் பொறுக்கி எடுத்த இரத்தவழி ஒரே நாளில் போய்விடும். அதனால்தான் சிலர் தலையை அனுப்பாமல் மறைக்கிறார்கள். தண்டனை பெரிதானால் ஒளிப்பும் பெரிதாகும். திட்டம் போடுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

நடுவழி ஒன்றையும் முயன்று பார்த்தார்கள். நோய் உள்ள ஓர் எல்க் மந்தையைக் கொல்லாமல் வைத்துக்கொண்டு, மூன்று வருடம் திரும்பத் திரும்ப மலக்குடல் துணுக்கு எடுத்துப் பார்த்து, பிடிபட்டதை மட்டும் கழித்தார்கள். நோய் ஒழியவில்லை. பரிசோதனை பிடிக்காமல் விட்டவை, அதற்கு மேல் நிலத்திலேயே இருப்பது. பாத்திரத்தைத் துடைத்தவாறே மேலே சாம்பல் கொட்டுகிற மாதிரி.

மாமரம் (பிப்ரவரி 15, காலை 8:30)

தடுப்பூசி வரவில்லையா?

ஆய்வுமேசை (பிப்ரவரி 15, காலை 9:11)

வயோமிங்கில் எல்க்குக்குப் போட்டுப் பார்த்தார்கள். போட்டவற்றுக்கு நோய் இன்னும் சீக்கிரமாக வந்தது. 2018இல் வெளியான முடிவு.

மாமரம் (பிப்ரவரி 15, காலை 9:14)

அடக் கடவுளே.

வேலியோரம் (பிப்ரவரி 17, இரவு 9:30)

முதலாளி ஒரு விஷயம் கேட்கச் சொன்னார். நோய் தாங்கும் மரபணு உள்ள எல்க்கை வாங்கி வளர்த்தால் போதும் என்று பண்ணைக்காரர்கள் கூட்டத்தில் ஒருவர் பேசினாராம். உண்மையா? அவர் முகத்தில் இந்த ஒரு வாரத்தில் இன்றைக்குத்தான் வெளிச்சம் பார்த்தேன், அதனால் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆய்வுமேசை (பிப்ரவரி 17, இரவு 11:55)

பார்த்தே சொல்கிறேன். விஷயம் உண்மை, ஆனால் "தாங்கும்" என்ற சொல்தான் தப்பு.

பிரையான் புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் எல்க்குக்கு 132ஆம் இடம் முக்கியம். அங்கே மெத்தியோனின் இருக்கலாம், லூசின் இருக்கலாம் (இரண்டும் புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்கள்). தாய் தகப்பன் இரண்டு பக்கமும் மெத்தியோனின் வந்த எல்க்குக்குச் சோதனையில் வாய்வழி நோயைக் கொடுத்தபோது ஏறத்தாழ 23 மாதத்தில் நோய் முற்றியது. ஒன்று கலந்தால் 40 மாதம். இரண்டும் லூசின் என்றால் ஐந்து வருடத்தை ஒட்டி. தள்ளிப்போனது, வராமல் போகவில்லை.

இரண்டு விதமாக இதைப் பார்க்கலாம். மூன்று வயதில் இறைச்சிக்குப் போகிற விலங்கு என்றால், நோய் முற்றுவதற்குள் அது பட்டியில் இருக்காது, மண்ணில் விடுவதும் குறையலாம். பத்து வருடம் வெல்வெட்டுக்கு வைத்திருக்கிற காளை என்றால், வெளியே தெரியாமல் நெடுநாள் நோயைச் சுமந்துகொண்டு நிற்கும். அதன் மலக்குடல் பரிசோதனையும் தாமதமாகத்தான் காட்டும். மெதுவான நோயைப் பிடிப்பது கஷ்டம்.

வெள்ளைவால் மானில் இது இன்னும் முன்னேறியிருக்கிறது. அங்கே 96ஆம் இடம். அதோடு முழு மரபணுத் தொகுதியையும் படித்து, எந்த மானுக்குத் தொற்றும் வாய்ப்பு குறைவு என்று மதிப்பெண் போட்டுப் பொறுக்கும் முறையை டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். பண்ணைக்காரர்கள் அதைப் பெரிதாக நம்பியிருக்கிறார்கள். எனக்கும் நம்பிக்கை உண்டு, ஆனால் பிரையானிலும் வகைகள் உண்டு. ஒரு வகையைத் தாங்குகிற மானை மட்டும் பெருக்கினால் வேறு வகைக்கு நாமே இடம் விடுகிறோமோ என்ற பயம் எங்கள் துறையில் இருக்கிறது.

பனிப்புயல் (பிப்ரவரி 18, காலை 6:05)

உன் முதலாளியிடம் இப்படிச் சொல்: வாங்குகிற காசுக்கு முதலில் இரண்டாவது வேலி போடுங்கள். எட்டடி வேலி இருக்கிறது, சரி. ஆனால் வேலி ஓரம் காட்டு மான் வந்து நிற்கிற வரை ஒற்றை வேலி என்பது இருவரும் முத்தமிடும் ஜன்னல்தான். உள்ளே ஒன்று, கொஞ்சம் தள்ளி வெளியே ஒன்று. தீவனத்தை வேலி ஓரத்தில் கொட்டாதே. பேல் (புற்கட்டு) அடுக்கை வெளிமான் மோந்து பார்க்கிற இடத்தில் வைக்காதே. கறுப்புக்கோப்பி சொன்ன புல் விஷயத்தை நானே இவ்வளவு நாள் சரியாகக் கேட்டதில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

மரபணுவெல்லாம் அதற்கு அப்புறம்.

இறைச்சிக்கடை (பிப்ரவரி 18, பகல் 2:22)

முதல் நாள் சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க. ஒரு சந்தேகம். என் கடைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வருடா வருடம் வேட்டையாடிய மான் இறைச்சி கொடுப்பார். சாப்பிடலாமா?

பனிப்புயல் (பிப்ரவரி 18, மாலை 6:50)

மனிதனுக்கு இந்த நோய் வந்ததாக இதுவரை உறுதியான ஒரு கேஸ்கூட இல்லை. குரங்குகளில் செய்த சோதனைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆனால் பைத்திய மாட்டு நோயும் மனிதனுக்கு வராது என்றுதான் பிரிட்டனில் பத்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாசிட்டிவ் வந்த விலங்கைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை. நோய் உள்ள பகுதியில் சுட்டது என்றால் பரிசோதனை முடிவு வரும் வரை ஃப்ரீசரில் கிடக்கட்டும். சமைத்தால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால், பரிசோதித்ததைச் சாப்பிடுவேன். என் மனைவி அதையும் தொடமாட்டாள்.

வேலியோரம் (மார்ச் 6, இரவு 10:40)

காளையைக் கொன்றுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை. நான்தான் கூண்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். தீவன வாளி சத்தம் கேட்டதும் தானாகவே வந்தது, அதுதான் மனசை என்னவோ செய்தது.

கண்காணிக்க வந்த பெண் மிகப் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். உடலை இங்கே புதைக்க விடவில்லை, எடுத்துக்கொண்டு போனார்கள். தலைக்கு முடிவு வர நாளாகும் என்றார்.

வேலியோரம் (மார்ச் 27, இரவு 8:15)

முடிவு வந்தது. நெகட்டிவ்!!

முதலாளி எனக்கு விஸ்கி ஊற்றிக் கொடுத்தார். நான் குடிப்பதில்லை என்று ஆறு வருடமாக அவருக்குத் தெரியும்.

கறுப்புக்கோப்பி (மார்ச் 28, காலை 3:50)

ஓம் தம்பி, நல்ல செய்தி. சந்தோசம்.

ஆய்வுமேசை (மார்ச் 28, காலை 9:30)

மிக்க மகிழ்ச்சி. ஒரு சின்னத் திருத்தம் மட்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தாளில் "நெகட்டிவ்" என்று இருக்காது, "கண்டறியப்படவில்லை" என்று இருக்கும். பார்த்த திசுவில் அன்றைக்குத் தெரியவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். இரண்டு வருடம் கழிந்த காளை, நிணநீர் முடிச்சையும் பார்த்திருக்கிறார்கள், அதனால் இது நல்ல பலமான "இல்லை".

பனிப்புயல் (மார்ச் 28, இரவு 7:25)

எடுத்துக்கொள், கொண்டாடு. ஆனால் அந்தக் காளை உங்கள் பண்ணைக்கு நோய் வரக்கூடிய ஒரு கதவு மட்டும்தான். அந்த இரண்டு பசுக்கள் எங்கே?

வேலியோரம் (ஏப்ரல் 24, இரவு 9:05)

பனி முக்கால்வாசி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பின் பட்டியில் வில்லோ புதருக்குள் ஒன்றைக் கண்டுபிடித்தோம். பதினொரு வயதுப் பசு. கொயோட்டே (சின்ன ஓநாய் மாதிரி) தின்றது போக விலா எலும்பும் தோலும். தலை அப்படியே பனிக்கடியில் இருந்தது, காதுவில்லையும் இருந்தது. கையுறை போட்டு இரண்டு பையில் கட்டி அனுப்பிவிட்டோம். நீங்கள் சொன்ன மாதிரியே, மூளை கொஞ்சம் கூழாகத்தான் இருக்கிறது, பார்க்கிறோம் என்றார்கள்.

உடல் கிடந்த இடத்தை என்ன செய்வது ஐயா?

பனிப்புயல் (ஏப்ரல் 25, காலை 5:58)

முடிவு வரும் வரை அந்தப் பட்டியில் ஒன்றையும் விடாதே. கிடந்த இடத்தைச் சுற்றித் தனியாக வேலி கட்டு. மிச்ச எலும்பை நீயாகப் புதைக்காதே, எரிக்காதே. விறகு நெருப்பு இதற்குப் பத்தாது, ஆயிரம் டிகிரி எரியூட்டி வேண்டும். எடுத்துக்கொண்டு போகச் சொல். காக்கை வேறு இருக்கும், காக்கை குடல் வழியாகப் போன பிரையானும் எலியில் தொற்றியதைச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள். ஒரு தார்ப்பாயாவது போட்டு மூடிவை.

வேலியோரம் (மே 15, இரவு 9:48)

பதினொரு வயதுப் பசுவுக்கும் "கண்டறியப்படவில்லை". ஆனால் மூளைத் துண்டு தரமில்லை, நிணநீர் முடிச்சை மட்டும் வைத்துச் சொல்கிறோம் என்று கீழே எழுதியிருக்கிறார்கள். ஆய்வுமேசை, உங்களுக்காக அந்த வரியை அப்படியே இங்கே எழுதினேன்.

இரண்டாவது வேலிக்குக் கம்பம் வந்து இறங்கிவிட்டது. முதலாளியின் மகள் கல்கரியிலிருந்து வந்து பதிவேட்டைக் கணினியில் ஏற்றிக்கொடுத்தாள். இப்போது மாதம் ஒரு தடவை வில்லை எண்ணைப் படித்து எண்ணுகிறோம். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே கூண்டுக் கதவைப் பிடிக்கிறார்.

இப்போது பதிவேட்டில் 141. நிற்பது 140. அந்த நான்கு வயதுப் பசுவை இன்னும் காணோம். ஓடைப் பக்கம் இன்னும் ஐஸ் இருக்கிறது, சனிக்கிழமை போகிறோம்.